கண்ணாடிச் சுவரும் லயத்துச் சுவரும்

கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் நெடுநேரம் உரையாடினார். புதிதாக வாங்கிய வீட்டின் வரவேற்பறைச் சுவருக்கு 'வெனீசியன் பிளாஸ்டர்' என்னும் மெருகுச் சாந்து பூசுவித்திருக்கிறாராம். "அண்ணே, சுவத்துல மொகம் தெரியுது" என்றார். சற்று மௌனத்துக்குப் பின், "காவத்தையில எங்க காம்பரா சுவரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. எழுபதுகளில் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் அந்த லயத்து இஸ்தோப்பில் பலமுறை தேநீர் அருந்தியிருக்கிறேன். அவருடைய கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பெயர் வெனிஸ் நகரத்துக்குரியதாயினும் வித்தை அதனினும் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், மணற்சாந்து மூன்று பூச்சும் அதன்மேல் பளிங்குத்தூள் கலந்த சாந்து மூன்று பூச்சும் இட்டுத் தேய்க்க வேண்டும் என விதித்திருக்கிறார். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிச் சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. ஈரம் முற்றாகக் காய்வதற்கு முன் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு இறுகிப் பளபளக்கும். வேண்டியவை பொறுமையும், கூலி கொடுக்கப் பணமும், கட்டடம் தனக்கே உரியது என்ற நிச்சயமும்.

இலங்கையர் இதற்காக இத்தாலிக்குப் போகவேண்டியதில்லை. சிகிரியாவின் கண்ணாடிச் சுவர் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தது. செங்கற்சுவரின்மேல் வெண்சாந்து பூசி மெருகிட்டார்கள். முட்டை வெண்கருவும் தேனும் கலந்ததாக வழிகாட்டிகள் கூறுவார்கள். உல்லாசப் பயணிகளும் குறித்துக்கொள்வார்கள். காசியப்பனுக்குப் பின் வந்தவர்கள் அந்த மெருகிலே கவிதைகளைக் கீறினார்கள். அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் பேராசிரியர் பரணவிதான பதிப்பித்தார். மன்னன் முகம் பார்த்த சுவர் பெயர் தெரியாதவர்களின் ஏடாகியது.

தமிழகத்தில் இக்கலை உச்சம் தொட்ட இடம் செட்டிநாடு. சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரில் அரைத்து அடுக்கடுக்காகப் பூசி, இறுதியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்கருவோடு குழைத்து இட்டுக் கூழாங்கல்லால் தேய்த்தார்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் நூறாண்டு கடந்த அச்சுவர்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் கை குளிர்கிறது.

காரைக்குடிக்கும் காவத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். பணந்தான் சம்பந்தம். அந்த மாளிகைகள் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் ஈட்டிய வட்டியில் எழுந்தவை. கோப்பிக் காலம் முதலே கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து தோட்டங்களுக்குக் கடன் போயிற்று. மீட்கப்படாத அடமானங்களாக இறப்பர், தென்னந் தோட்டங்கள் பலவும் அவர்கள் கைக்கு வந்தன. மறுபுறம், அத்தோட்டங்களில் உழைக்கக் கங்காணிகள் ஆள் திரட்டியதும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய அதே தமிழ்ச் சீமைகளில்தான். ஒரே கடலைக் கடந்து சென்றவர்களில் ஒரு சாரார் வீட்டில் வெண்கருச் சுவர் எழுந்தது. மற்றவர்களுக்கு லயம் கிடைத்தது. செட்டியார்களை மட்டும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. வெள்ளைத் துரைமாருடைய கம்பனிகளின் இலாபம் இலண்டனில் எந்தச் சுவரை மெருகிட்டதோ, அதை நான் சென்று பார்த்ததில்லை.

சப்ரகமுவ நாட்டின் தென்மேற்குப் பருவமழையை அறியாதவர்களுக்கு லயத்துச் சுவரைப் பற்றிச் சொல்லி விளங்கவைப்பது கடினம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் பின்பக்கம் சன்னலும் இராது. அடுப்புப் புகை உள்ளேயே சுழலும். தோட்ட நிர்வாகம் எப்போதாவது அடிக்கும் வெள்ளை, ஒரு மழைக்காலத்தில் பச்சையாகி, மறு மழைக்காலத்தில் கறுத்துவிடும். ஆணி அறைந்தால் உள்ளங்கையகலச் சாந்து பெயர்ந்து விழும். ஆயினும் அங்கும் ஒரு மெருகு இருந்தது. நண்பரின் தாயார், பால் வெட்டிவிட்டுத் திரும்பிய கையோடு தரையைச் சாணமிட்டு மெழுகுவார். தீபாவளி வந்தால் சுண்ணாம்பில் சலவை நீலம் கலந்து தம் செலவிலேயே சுவருக்கு அடிப்பார். பொரிந்த இடங்களைச் செம்மண் குழைத்து அடைத்து, வழவழப்பான ஆற்றுக் கல்லால் தேய்ப்பார். கானாடுகாத்தான் கொத்தனார் செய்த அதே வேலைதான். வெண்கருவுக்கு மட்டும் வழியில்லை. முட்டை இருந்தால் அது பிள்ளைக்கு.

அதற்கும் மிஞ்சிய ஓட்டைகளை மறைத்தது பத்திரிகைத் தாள். மைதா மாப்பசையில் ஒட்டப்பட்ட பழைய வீரகேசரித் தாள்களை அந்தக் காம்பராவில் நின்றபடியே வாசித்திருக்கிறேன். 1930இல் அப்பத்திரிகையைத் தொடக்கியவர் ஆவணிப்பட்டி சுப்பிரமணியஞ் செட்டியார். செட்டிநாட்டுச் செல்வத்தில் லயத்துச் சுவருக்கு வந்து சேர்ந்த பங்கு அதுவாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. நண்பர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் அந்தச் சுவரிலேதான். சில செய்திகள் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தமையால் தலைகீழாகப் படிக்கவும் தமக்கு வரும் என்று பெருமையாகச் சொல்வார்.

எனினும் அச்சுவர் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டை அவர்களுடையதல்லவென்றது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேர் பின்னொரு நாளைக்கென ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. முதலாளி மாறினார், காம்பரா மாறவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற நிலையில், அடுத்த மாதம் யாருக்கென்று தெரியாத சுவரை அந்தத் தாயார் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் வெடித்தது. காவத்தையும் தப்பவில்லை. நண்பரின் குடும்பம் காட்டில் இரவைக் கழித்து, முகாமில் சில வாரம் இருந்து, வவுனியா போய்ச் சேர்ந்தது. லயம் எரிந்தபோது முதலில் பற்றியது சுவரில் ஒட்டியிருந்த காகிதமே என்று அவருடைய தாயார் பின்னாளில் என்னிடம் கூறினார்.

2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது அண்மைய ஆண்டுகளில் கேட்டுப் பழகிய சொல். கிடைத்தவர்கள் சுவருக்குத் தமக்குப் பிடித்த வர்ணம் அடித்திருப்பதைக் கண்டேன். ஒரு வீட்டில் கருநீலம், அடுத்ததில் கிளிப்பச்சை. கிடைக்காதவர்கள் இன்னும் லயத்திலேயே இருக்கிறார்கள்.

நண்பர் மறுபடியும் அழைத்திருந்தார். மெருகுச் சாந்தில் ஆணி அடித்தால் வெடிப்பு விழும், தாள் ஒட்டினால் கறை படியும் என்று வேலை செய்தவர் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறாராம். தாயாரின் படத்தை எங்கே மாட்டுவது என்பதுதான் இப்போது அவருக்குள்ள பிரச்சினை.