ஓய்வா, உயர்கல்வியா? மாதவிடாய் குறித்த ஒரு 19ஆம் நூற்றாண்டு வழக்கு

கல்லூரி மாணவியரின் மாதவிடாய் நலம், மருத்துவச் சிக்கலாகப் பேசப்படுவதற்கு முன்பே, பெண்கல்விக்கு எதிரான வாதமாகப் பேசப்பட்டது. 1873இல் பாஸ்டனில் வெளிவந்த ‘கல்வியில் பாலினம்’ என்னும் சிறுநூல் இதற்குத் தக்க சான்று. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் முன்னாள் பேராசிரியரான எட்வர்டு கிளார்க் அதனை எழுதினார். உடலின் ஆற்றல் அளவுக்குட்பட்டது. பூப்புப் பருவத்தில் அது இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சிக்குச் செல்ல வேண்டும். கடும் படிப்பு அதனை மூளைக்கு ஈர்த்துவிட்டால் மாதவிடாய் சீர்கெட்டு நோயும் மகப்பேறின்மையும் நேரும் என்பது அவர் கருத்து. ஆகவே, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாணவியர் படிப்பிலிருந்து ஓய்வு பெற வேண்டும் என்றும், ஆண்களோடு ஒரே முறையில் பயிலுதல் அவர்களுக்கு ஏற்றதன்று என்றும் முடிவு கூறினார்.

அவர் காட்டிய சான்றுகளோ தம்மிடம் சிகிச்சைக்கு வந்த சிலரின் கதைகளே. அவற்றுள் ஒன்று வாசர் கல்லூரி மாணவியைப் பற்றியது. அக்கல்லூரியின் மருத்துவர் அலிடா ஏவரி அதனை மறுத்து எழுதினார். எனினும் நூல் பல பதிப்புகள் கண்டது. பிரின்மார் கல்லூரியின் தலைவர் கேரி தாமஸ், தம் இளமையில் அந்நூல் எழுப்பிய அச்சத்தை 1908இல்கூட நினைவுகூர்ந்தார்.

இதற்கு வலுவான விடை ஹார்வர்டிலிருந்தே வந்தது என்பது வரலாற்றின் முரண். மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு ஓய்வு தேவையா என்பதையே அப்பல்கலைக்கழகம் பாய்ல்ஸ்டன் பரிசுக்குரிய பொருளாக அறிவித்தது. எழுதியவர் பெயர் மறைத்து அனுப்பப்பட்ட கட்டுரை ஒன்று 1876இல் பரிசு பெற்றது. அதனை எழுதியவர் பாரிசில் மருத்துவப் பட்டம் பெற்ற மேரி புட்னம் ஜேக்கபி. (அம்மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான்.)

ஜேக்கபி 1,000 வினாநிரல்களை அனுப்பினார்; 268 பெண்கள் விடையளித்தனர். வலி, கல்வி, உடற்பயிற்சி, நடக்கும் தொலைவு ஆகியவற்றைக் கேட்டறிந்ததோடு, சிலரின் நாடித்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் தசை வலிமையையும் மாதச் சுழற்சி முழுவதும் அளந்தார். இயல்பான மாதவிடாய் உடைய பெண்களுக்குக் கட்டாய ஓய்வு தேவையில்லை என்பது அவர் கண்ட முடிவு. 1885இல் கல்லூரிப் பட்டதாரிப் பெண்களின் சங்கம் 705 பேரிடம் பெற்ற விடைகளும், கல்வி பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்கவில்லை என்றே காட்டின.

ஆயினும் ஜேக்கபியின் அட்டவணையில் நம் கவனத்திற்குரிய வேறொரு செய்தி உண்டு. வலியோ தளர்ச்சியோ அறியாதவர்கள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சியோர் ஏதோ ஒரு துன்பத்தை உணர்ந்தவர்கள். ஜேக்கபி அதனை மறைக்கவுமில்லை. ஆனால் வழக்காடியவர்களுக்குத் தேவைப்பட்டது ‘தகுதி உண்டா’ என்ற ஒரு வினாவுக்கான விடைதான். வலியை ஒப்புக்கொண்டால் வகுப்பறையை இழக்க நேரும் என்ற நிலையில், பெண்கல்வியின் ஆதரவாளர்களுக்கும் அதைப் பற்றி உரக்கப் பேச வாய்ப்பிருக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. மாதவிடாய்க் குருதியில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் உள்ளதென பிரித்தானிய உடலியங்கியலாளர் பிக்கிள்ஸ் கண்டறிந்தது 1957இல். ஜேக்கபியின் கட்டுரை நூலாக வந்து அப்போது 80 ஆண்டுகள் கடந்திருந்தன.