இந்திரன் பேரர்களும் கும்பினியின் யானையும்

புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் கொடிவழியைத் தேடிப் புகுந்தால், வாயிலில் நம்மை வரவேற்பவன் யார் தெரியுமா? இந்திரன்! 18-ஆம் நூற்றாண்டில் வெங்கண்ணா எனும் புலவர் தெலுங்கில் யாத்த ‘தொண்டைமான் வம்சாவளி’ அப்படித்தான் முழங்குகிறது. கள்ளர் குடியிற் பிறந்தது இழிவா? இல்லையே! ஆயினும் அரியணை கிடைத்ததும் வானுலகில் ஒரு பாட்டன் தேவைப்பட்டான். பாட்டனைப் படைத்துத்தரப் புலவரும் கிடைத்தார்.

ஏடுகளை ஒதுக்கிவிட்டு வரலாற்றைக் கேட்போம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி, இரகுநாதராயத் தொண்டைமானின் உடன்பிறந்தாள் காதலியை மணந்தார். மைத்துனருக்கு நாடு வந்தது. தேவலோகம் அல்ல, இராமநாதபுரம்!

பின்வந்தோர் பற்றிய கரம் கும்பினியின் கரம். திருச்சி முற்றுகையில் வெள்ளையர் படைக்கு உணவு போயிற்று, தொண்டைமான் நாட்டிலிருந்து. 1799-இல் அந்நாட்டுக் காட்டில் ஒளிந்திருந்த கட்டபொம்மன் பிடிபட்டு ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்குக் கயிறு. இத்தகைய ஊழியங்களுக்கெல்லாம் பரிசாக 1803-இல் கிடைத்தது கீழாநிலைக் கோட்டை. திறை? ஆண்டுக்கோர் யானை! அதையும் வெள்ளையர் வற்புறுத்தவில்லை. 1836-இல் தள்ளியே விட்டனர்.

‘பிரகதாம்பாள் தாசர்’ என்பது மன்னரின் பட்டம். நவராத்திரியில் பார்ப்பனருக்கு அரிசியும் அம்மன் காசும்! அம்பாளுக்கு அடிமை என்றவர்கள், ஆண்டையாகக் கொண்டதோ கும்பினியை.

1915-இல் மார்த்தாண்ட பைரவர் ஆஸ்திரேலிய மங்கை மாலி பிங்கை மணந்தார். பிறந்த மகனுக்கு வாரிசுரிமை தர மறுத்தது வெள்ளை அரசு. தலைமுறை தலைமுறையாகக் காட்டிய விசுவாசம் செல்லவில்லை. 1928-இல் வேறு கிளைச் சிறுவர் இராசகோபாலர் அரசரானார். 1948 மார்ச் 3-இல் புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்தது.