மகாவித்துவானின் கொடை

கொடை என்றவுடன் பாரியையும் குமணனையும் நினைப்பது நம்மவர் வழக்கம். கையிற் பொருளில்லாத ஓர் ஆசிரியரின் கொடையை ஈண்டு நினைவுகூர விரும்புகிறோம்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள் (1815–1876) இளமையிலே தண்டியலங்காரங் கற்க ஏங்கினார்கள். அதனை அறிந்திருந்தவரோ பிச்சையேற்றுண்ணும் ஒரு பரதேசி, எளிதிற் சொல்லிக்கொடுப்பவருமல்லர். பிள்ளையவர்கள் அவர் பின்னே தெருத்தெருவாய்த் திரிந்து, ஏவிய பணியெல்லாஞ் செய்து பாடங் கேட்டார்கள். நாம் பட்ட பாட்டை நம்மிடம் வருவோரும் படட்டுமே என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். உலகில் அப்படி எண்ணுவோரே அதிகம். அவர்களோ வந்தவர்க்கெல்லாம் வேதனம் வாங்காது பாடஞ் சொன்னார்கள். பலருக்குச் சோறும் இட்டார்கள். நாகூர்க் குலாம்காதிறு நாவலரும், கிறிஸ்தவரான சவராயலு நாயகரும் அவர்களிடங் கற்றவர்களே. கடன் மாத்திரம் அவர்களை விட்டு நீங்கவில்லை!

1871இல் மாயூரத்தில் மாணாக்கராய்ச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் இதனையெல்லாம் அருகிருந்து கண்டார். கற்றதைக் கட்டிவைக்கலாகாதென்பது அங்கே அவர் பெற்ற பாடம். பின்னாளில் ஊரூராய் அலைந்து தேடிய ஏடுகளை அவர் பெட்டியிற் பூட்டவில்லை; 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். மேலும் பல நூல்கள் தொடர்ந்தன. முதுமையிலே, 1933, 1934ஆம் ஆண்டுகளில், ஆசிரியரின் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். அந்தப் பரதேசியின் கதை நமக்குத் தெரிய வந்ததும் அதனாலேதான்.