பாசிமணியில் நாள் கணக்கு

தூரமான தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம் இல்லையா? அதற்கு அரசாங்கமே மணிமாலை கொடுத்த காலம் ஒன்று உண்டு.

அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவருகிறது என்பதை 1920களில் ஜப்பான் டாக்டர் ஒகினோ கண்டறிந்தார். நம் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுர் காலத்தில், 1950களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவன உதவியோடு டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் (பிறகு ஷோலே படம் எடுத்த ஊர்தான்) இந்தக் கணக்கைச் சோதித்தார்கள். தினம் ஒரு மணியை நகர்த்தணும். பச்சை வந்தால் பயமில்லை. சிவப்பு வந்தால் கரு தங்கும் நாள்.

பெரிய பலன் கிடைக்கவில்லை. பிள்ளைங்க மணியைத் தள்ளி விளையாடிட்டாங்க என்று ஒரு கதை உண்டு. படிப்பில்லாத பொம்பளைங்க என்று பேசுவது சுலபம். எனக்கு அது ஒப்பவில்லை. மணியை நாம நகர்த்தலாம், சிவப்பு நாளில் விலகியிருக்க வீட்டுக்காரரும் சம்மதிக்கணுமே! அதோடு ஒருத்திக்கு 26 நாள், இன்னொருத்திக்கு 34. பால் கொடுக்கும்போதும் 40 வயதைத் தாண்டினாலும் கணக்கு மாறும்.

ஐம்பது வருஷம் கழித்து அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் மறுபடியும் மணிமாலை கொண்டுவந்தது. இந்த முறை 8 முதல் 19ஆம் நாள் வரை கவனம் என்றார்கள். அதுவும் 26 முதல் 32 நாளுக்குள் தவறாமல் வருகிறவர்களுக்கு மட்டும்தான்.