"ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா டீச்சர்?"



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், பாப்பாவை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கேன். ஃபோனிக்ஸ் வகுப்புக்குத் தனியா பணம் கட்டச் சொல்றாங்க. நாம ஏ, பி, சி, டி-ன்னுதானே படிச்சோம்? இது தேவையா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா இது? நூற்று எண்பது வருடச் சண்டை! அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஓசை வேறு. டி, ஓ, ஜி என்று எத்தனை முறை சொன்னாலும் 'டாக்' என்ற சொல் காதில் விழாது. ட், ஆ, க் என்று ஓசைகளைச் சொல்லி ஒட்டினால்தான் விழும். அப்படிக் கற்பிப்பதுதான் ஃபோனிக்ஸ். எழுத்துகள் 26, ஓசைகளோ ஏறத்தாழ 44. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கல்விச் செயலராக இருந்தவர் ஹொரேஸ் மான். பொருளில்லாத எழுத்துகளை ஒப்பிக்க வைத்துக் குழந்தைகளை வாட்டாதீர்கள், முழுச் சொற்களாகவே காட்டுங்கள் என்றார். 1844இல் பாஸ்டன் பள்ளி ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து அவரை மறுத்து எழுதினார்கள். ஆனாலும் காலப்போக்கில் சொல் முறைதான் வென்றது. 1930 முதல் 'டிக் அண்ட் ஜேன்' பாடநூல்கள் வந்தன. சில சொற்களே திரும்பத் திரும்ப வரும், பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும். பார்த்துப் பார்த்தே சொல் மனதில் பதியும் என்பது நம்பிக்கை.

1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர், ஜானிக்கு ஏன் படிக்கத் தெரியவில்லை என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். ஓசையைச் சொல்லித் தராததுதான் காரணம் என்றார். நாடே பரபரப்பானது. ஜீன் சால் என்ற பேராசிரியை அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, வகுப்பறைகளுக்கும் நேரில் போய்ப் பார்த்து, 1967இல் முடிவு சொன்னார்: தொடக்கத்தில் எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பைக் கற்பித்தால் நல்ல பலன் உண்டு. அதே வருடம் கென்னத் குட்மன், வாசிப்பு என்பதே ஒருவகை ஊகம்தான் என்று எழுதினார். மறுபடியும் சண்டை. கலிபோர்னியா 1987இல் கதைப் புத்தக வாசிப்பை முன்னிறுத்தியது. 1994 தேசியத் தேர்வில் அந்த மாநிலம் கடைசி வரிசைக்கு வந்தது. காரணம் அது ஒன்று மட்டுமல்ல, வகுப்புகளில் கூட்டமும் அதிகம். இருந்தாலும் ஃபோனிக்ஸ் திரும்பி வந்தது. 2012 முதல் இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே ஒரு சோதனை வைக்கிறார்கள்.

இதையெல்லாம் பின்னாளில் படித்தபோது, எனக்கு என் வகுப்பில் இருந்த ஒரு பையன்தான் நினைவுக்கு வந்தான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு எழுத்து முறை, சொல் முறை, வாக்கிய முறை என்று மூன்றையும் சொல்லித் தந்தார்கள். சொல் முறைதான் நவீனம் என்று நான் நம்பினேன். ஒன்றாம் வகுப்பில் படத்தோடு சொல்லைக் காட்டுவேன். அந்தப் பையன் விரல் வைத்துக் கடகடவென்று சொல்வான். கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுத்தேன். அவன் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் அந்த டீச்சர் என்னிடம் அழைத்து வந்தார். கரும்பலகையில் 'மணல்' என்று எழுதினேன். "மரம்" என்றான். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தான். இரண்டு வருடமாக அவன் படிக்கவேயில்லை. படத்தைப் பார்த்தும் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டும் ஒப்பித்திருக்கிறான். வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்த பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை மாட்டிக்கொண்டான்.

மதிய உணவு முடிந்ததும் தினமும் அவனை உட்கார வைத்தேன். ம, ண, ல், மணல். அரைப் பரீட்சைக்குள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான். ஆனால் அந்த இரண்டு வருடத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. இன்றும் உறுத்துகிறது.

கவனித்தீர்களா? "எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்" என்று நாம் கேலியாகச் சொல்வோம். உண்மையில் அதுதான் வாசல். தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரே அதன் ஓசை என்பதால், நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் கொஞ்சம் அகலம். பக்கம், தங்கம், பகல் என மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும் பேச்சுப் பழக்கத்தில் சரியாகிவிடும்.

ஆகவே மகளே, ஆங்கிலத்துக்கு ஓசை கட்டாயம் தேவை. ஆனால் அது பள்ளி சாதாரணமாகவே சொல்லித் தரவேண்டிய பாடம். தனிக் கட்டணம் எதற்கு என்று தைரியமாகக் கேள். வாசலிலேயே பிள்ளையை நிறுத்திவிடவும் கூடாது. இரவு பத்து நிமிடம் மடியில் வைத்துக் கதை படித்துக் காட்டு. நடுநடுவே படத்தைக் கையால் மறைத்துவிட்டு, "இது என்ன சொல்லு?" என்று கேள். ஊகிக்கிறாளா, படிக்கிறாளா என்பது தெரிந்துவிடும். நான் செய்யத் தவறியது அதுதான்.

உங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கப் பழகினார்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்