காஜுலு இலட்சுமிநரசுச் செட்டியார்: வணிகமும் சட்டநிரூபண சபையும்

சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர் ஆசனம் பெற்ற நாளினையே தொடக்கமாகக் கொள்வர். அம்முறையைப் பின்பற்றின் சென்னை வணிகராகிய காஜுலு இலட்சுமிநரசுச் செட்டியாரின் வரலாறு ஐந்தாண்டு அளவிற் சுருங்கிவிடும். அவர் 1863 முதல் 1868 இல் இறக்கும்வரை சென்னைச் சட்டநிரூபண சபையில் அங்கத்துவம் வகித்தார். ஆயினும் அவர் ஆற்றிய அரும்பணியின் பெரும்பகுதி அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் நிகழ்ந்ததென்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.

செட்டியார் 1806 இல் சென்னையில் ஒரு வணிகக் குடும்பத்திற் பிறந்தார். அவுரி நீலமும் துணியும் விற்றுவந்த தந்தையாரின் தொழிலில் இளமையிலேயே புகுந்து, அதனைப் பெருக்கிப் பெருஞ்செல்வரானார். வணிகத்தில் வெற்றி கண்டோர் அரசினரின் தயவை நாடி அமைதியாய் வாழ்வது அக்கால வழக்கம். செட்டியாரோ தாம் ஈட்டிய பொருளைப் பொதுநலத்திற்கு முதலாக்கினார்.

1844 இல் அவர் ‘கிரெசென்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். இந்துக்களின் நிலையை உயர்த்துவது அதன் நோக்கம். 1846 இல் அரசாங்கப் பாடசாலைகளில் விவிலியத்தைப் பாடநூலாக்கத் தேசாதிபதி டுவீடேல் பிரபு முயன்றபோது, செட்டியார் நகரமக்களைக் கூட்டிக் கண்டன விண்ணப்பம் அனுப்புவித்தார். கம்பெனியின் இயக்குநர் சபையும் தேசாதிபதியின் கருத்தை ஏற்றிலது.

1852 இல் அவர் முயற்சியால் ‘சென்னைச் சுதேசிகள் சங்கம்’ உருவாயிற்று. முதலிற் கல்கத்தாவில் இருந்த சங்கத்தின் கிளையாகத் தொடங்கிய அது, விரைவில் தனித்து இயங்கலாயிற்று. சென்னை மாகாணத்துக் குறைகள் வங்காளத்துக் குறைகளினின்றும் வேறுபட்டிருந்தமையே அதற்குக் காரணம். வங்காளத்தில் வரி செலுத்தியவர் ஜமீன்தார். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலோ இரயத்துவாரி முறைப்படி உழவனே அரசாங்கத்துக்கு நேரே வரி செலுத்தினான். ஆதலின் வரி தண்டுவோரின் கொடுமை அவனையே நேரிற் சார்ந்தது. 1853 இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த தருணம் நோக்கிச் சங்கத்தார் இக்குறைகளைத் திரட்டிப் பிரித்தானியப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் விடுத்தனர்.

விண்ணப்பத்தை எழுதியதோடு செட்டியார் அமையவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853 இல் சென்னைக்கு வந்தபொழுது அவரை உபசரித்து, மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று, உழவர் படும் துன்பத்தை அவர் கண்முன் நிறுத்தினார். விரல்களை நெருக்கும் ‘கிட்டி’, தலையைக் கீழே வளைத்துக் காலோடு பிணைக்கும் ‘அனந்தாள்’ முதலிய வதைகள் வரி தண்டுதற்குக் கையாளப்பட்டன. சீமோர் 1854 இல் பொதுமக்கள் சபையில் இதனை எடுத்துரைத்தார். அதன் பயனாக நியமிக்கப்பட்ட விசாரணைக்குழு 1855 இல் தன் அறிக்கையில் வதை வழக்கிலிருந்த உண்மையை ஒப்புக்கொண்டது. வருமானத்துறையையும் பொலிசையும் ஒரே கையில் வைத்திருந்தமை இக்கேட்டுக்கு வழிவகுத்தது. 1859 ஆம் ஆண்டுச் சட்டம் சென்னையில் பொலிசைத் தனிப் படையாக்கிற்று.

பிற்காலத்தில் அரசாங்கம் அவருக்குச் சி. எஸ். ஐ. பட்டமும் சட்டநிரூபண சபையில் நியமன ஆசனமும் வழங்கிற்று. இந்தியருள் முதல்வராய் அச்சபையில் அமர்ந்த சதகோபாசாரியாருக்கு அடுத்து அவ்விடத்தைப் பெற்றவர் செட்டியாரே. ஆயின் 1861 ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சபை தன்முன் கொணரப்படும் மசோதாக்களை மட்டுமே ஆராயலாம். வினா எழுப்பும் உரிமைதானும் 1892 இன் பின்னரே கிடைத்தது. வெளியே நின்று பாராளுமன்றத்தையே வினவியவர், உள்ளே புகுந்தபின் ஒரு வினாவும் எழுப்ப இயலாத இடத்தில் அமர்த்தப்பட்டார். இதனை வரலாற்றின் முரண் என்பதன்றி வேறென்னென்பது!

1868 இல் அவர் காலமானபோது முன்னைய செல்வம் அவரிடம் இல்லை. இலாப நட்டக் கணக்கொன்றையே நோக்குவார்க்கு இவ்வாழ்க்கை நட்டமாகவே தோன்றும். ஆயின் வணிகரிடத்து அமைந்த நற்பண்பு ஒன்றுண்டு: சான்றின்றி எதனையும் அவர் கணக்கில் ஏற்றார். செட்டியார் அப்பண்பைப் பொதுவாழ்விற் புகுத்தினார். வெறும் முறையீடாய் இருந்த உழவன் துயரை விசாரணைக்குரிய வழக்காக மாற்றினார். ஆசனம் பிறர் அளிப்பது; பிரதிநிதித்துவம் தானே உழைத்துப் பெறுவது. பொதுப்பணியிற் புக விரும்பும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.