சுராங்கனி யாருடைய பாட்டு?



தரம் 7 பிள்ளையொன்று கேட்டது: "சேர், சுராங்கனி சிங்களப் பாட்டா, தமிழ்ப் பாட்டா?"

பைலா என்பதே போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டம் என்று பொருள். போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் தாளமும் அதில் கலந்தது. பிறகு வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடிப் பரப்பினார். உரும்பிராய் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடியதோடு தமிழில் பொப் இசை சூடுபிடித்தது. 1970களில் ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து சுராங்கனியைப் பாடினார். மீன் கொண்டுவருகிற சின்னக் கதைதான்; நாடே பாடியது. 1977 இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் அது ஒலித்தது.

1990 ஒக்டோபரில் எங்கள் சனம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. நான் புத்தளம் முகாமில் வளர்ந்தவன். சாமான்களை எடுத்துவர விடவில்லை. பாட்டுகள் மனதோடு வந்துவிட்டன. முகாமில் கல்யாணம் என்றால் வாப்பா சுராங்கனி பாடுவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் அந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இன்றும் ‘மஞ்சா’ பாடி ஆடுகிறார்கள். அவர்களுடைய பழைய மொழி பேச்சிலிருந்து போய்விட்டது. பாட்டில் மட்டும் இருக்கிறது. வாப்பா பாடிய பைலாவின் வேர் பக்கத்து ஊரிலேயே இருந்ததைப் பெரியவனான பிறகுதான் அறிந்தேன்.

மனோகரன் 2018 ஜனவரி 22 இல் சென்னையில் காலமானார். பாட்டு இன்னும் எங்கள் கல்யாண வீடுகளில் கேட்கிறது.

பிள்ளைக்கு, "இரண்டும்தான், இன்னும் இரண்டு பேருக்கும் பங்கிருக்கு" என்றேன். மொழிக்கு வேலி போட்ட காலத்திலும் இந்தப் பாட்டை யாரும் பிரிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலப் பொப் பாட்டு நினைவுகளைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். வகுப்பில் சொல்லவேண்டும்.